அபா என்சுவா, செகொண்டியிலிருந்து

நான் செத்துப்போன சேதி எனக்கு ஒரு புதன்கிழமை மத்தியானம்தான் தெரியவந்தது. அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. முந்தின நாளே டேட்டா தீர்ந்து, அப்போதுதான் புதிதாகப் போட்டிருந்தேன். போட்டதுமே போன் விடாமல் டிங் டிங் என்று கத்த ஆரம்பித்தது. என் போன் அப்படிக் கத்துகிற போன் இல்லை. எண்ணெய்க் கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தால், என் முகம். சுற்றிலும் சிவப்பும் கறுப்புமாகக் கரை. அதன் கீழே 'டுயே, டுயே' என்று ஜனங்கள் வரிசையாக எழுதித் தள்ளியிருந்தார்கள். எங்கள் பக்கம் துக்க வீட்டுக்குள் நுழையும்போது சொல்கிற சொல் அது.

மீன் கருகிப்போனது. அதைச் சொல்லவேண்டியதில்லை.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். அக்ராவில் ஓர் ஓவியக் காட்சியகம் இருக்கிறது. நான் இருப்பது செகொண்டியில். பஸ்ஸில் போனால் அரை நாள் தின்றுவிடும், அதனால் நான் போனதே கிடையாது. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தக் காட்சியகமே என் வீட்டுக்கு வரும். செலாசி என்று ஒரு பெண், போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஓவியமாகக் காட்டிப் பேசிக்கொண்டே நடப்பாள். பேஸ்புக்கில் நேரடியாக. நான் நாற்காலியை ஜன்னலோரம் போட்டுக்கொண்டு பார்ப்பேன்.

ஓவியங்களுக்காகப் பார்த்தேன் என்று சொன்னால் பொய். சிலது புரியும், சிலது யாரோ பெயின்ட் டப்பாவைத் தட்டிவிட்ட மாதிரி இருக்கும். நான் பார்த்தது அதற்கு முன்னால் வருகிற கொஞ்ச நேரத்துக்காக. செலாசி நடக்க ஆரம்பிப்பதற்கு முன், யார் யார் பார்க்கிறார்கள் என்று பெயர் பெயராகப் படிப்பாள். அதிகம் பேர் இல்லை. இரண்டு மூச்சில் படித்துவிடலாம்.

"ஹோ ஊர்லேந்து மாவுலி, வாங்க மாவுலி. தமாலேலேந்து நம்ம வாத்தியார். செகொண்டிலேந்து ஆன்ட்டி அபா என்சுவா! வந்துட்டீங்களா ஆன்ட்டி? நீங்க வராம நான் ஆரம்பிக்க மாட்டேன்."

இதுதான். இதற்காகத்தான்.

எங்கள் ஊரில் வயதானவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அது மரியாதை இல்லை. தெருவில் நான் ஆன்ட்டி. சர்ச்சில் மம்மி. மருந்துக்கடையில் 'ஓல்ட் லேடி'. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் கூடப் பிறந்தவர்களும் கட்டியவனும்தான். என் அக்காமார் இரண்டு பேரும் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரரும் போய்விட்டார். பிள்ளை இல்லை. அதனால் அபா என்சுவா என்று வாய்விட்டுச் சொல்ல உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு பெண்தான், அதுவும் என்னைப் பார்த்தே இராத பெண்.

சரி, என் முகம் எப்படி அங்கே போனது? ஒரு வெள்ளிக்கிழமை செலாசி, ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். எக்கோ பென்சில் என்ற ஓவியர் வரைந்தது. கீழே 'பெயர் தெரியாத பெண்' என்று எழுதியிருந்தது. "இவங்க யார்னு யாருக்காவது தெரியுமா? தெரிஞ்சா எழுதுங்க" என்றாள்.

தெரியாதா என்ன. சின்ன வயசில் ஒரு நாள் மாமாவின் சாவுக்குப் போய்விட்டு சிவப்பும் கறுப்புமான துக்கத் துணியோடு வந்துகொண்டிருந்தேன். எக்கோ வழிமறித்து, "அப்படியே உக்காரு, துணியை மாத்தாதே" என்று துறைமுகச் சுவரில் உட்கார வைத்தான். கால் மரத்துப்போகும்வரை வரைந்தான். படத்தைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. போனில் ஓர் எழுத்து ஓர் எழுத்தாகத் தேடி, 'அது நான்தான்' என்று எழுதினேன்.

செலாசி குதித்த குதியில் போன் ஆடி, எனக்குத் தலை சுற்றியது. "ஆன்ட்டி! ஆன்ட்டி அபா, நீங்களா? எவ்ளோ அழகு நீங்க!" என்றாள். எந்த வருஷம், எந்த ஊர் என்றெல்லாம் அப்புறம் தனியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டாள்.

அதை வைத்து அவள் ஓர் அட்டை செய்து போட்டதுதான் வினை. படத்திலிருக்கிற துணியின் நிறத்தையே எடுத்து ஓரம் முழுக்கக் கரை கட்டிவிட்டாள். மேலே, 'முகங்களை நினைவுகூர்வோம்'. நடுவில் என் முகம். கீழே என் முழுப்பெயர், ஊர், வருஷம். எங்கள் நாட்டில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஒட்டியிருக்கிற சாவுப் போஸ்டர் வேறு எப்படி இருக்கும், சொல்லுங்கள்? ஒருத்தன் பார்த்து 'டுயே' போட்டான். அவனைப் பார்த்து அடுத்தவன். அப்புறம் நிற்கவில்லை. என் வயசுக்காரிக்கு வெள்ளையும் கறுப்பும்தான் போடுவார்கள். சிவப்பு, அகாலத்தில் போனவர்களுக்கு. அதனால் 'இந்தச் சின்ன வயசிலயா, ஐயோ!' என்று பாதிப் பேர் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதே எழுதியிருக்கவேண்டும். உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி. ஆனால் படிக்க ஆரம்பித்துவிட்டேன், நிறுத்த முடியவில்லை. ஒருத்தி எழுதியிருந்தாள்: 'செகொண்டி டெலிபோன் ஆபீஸ்ல லைன் போட்டுக் குடுத்தவங்கதானே? என் புருஷன் லண்டன்ல ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, நேரம் முடிஞ்சும் லைனை வெட்டாம விட்டாங்க. அன்னிக்கு நாங்க பேசினதுதான் கடைசி.' யாரோ ஒரு கிழவர்: 'அந்தக் குரலுக்காகவே தேவையில்லாம ட்ரங்க் கால் போட்டிருக்கேன்.' போட்டீரா? நேரில் வந்து சொல்லியிருக்கக்கூடாதா? இத்தனை பேர் இத்தனை காலம் எங்கே இருந்தார்கள்? வியாழக்கிழமை முழுக்கப் படித்தேன். பதில் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை லைவில் செலாசியிடமே சொல்லிக்கொள்ளலாம், சிரிப்பாள் என்று இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை செலாசி கறுப்புச் சட்டையில் வந்தாள்.

"இன்னிக்கு என்னால சிரிச்சுக்கிட்டு ஆரம்பிக்க முடியல" என்றாள். கண் வீங்கியிருந்தது. "வாரா வாரம் மொத ஆளா வந்து வணக்கம் சொல்ற ஒருத்தங்க இனிமே வர மாட்டாங்க. அந்த அட்டை போடறப்ப எனக்கு எதுவுமே தெரியாது. நீங்கள்லாம் எழுதித்தான் தெரிஞ்சுது."

பார்த்தீர்களா? அவளும் நம்பிவிட்டாள். செகொண்டி ஜனங்களுக்குத் தெரியாததா என்று நினைத்திருக்கிறாள். நானும் இரண்டு நாளாக வாயே திறக்கவில்லை. அவசரமாக எழுதினேன்: 'செலாசி, நான் அபா. உயிரோடு இருக்கிறேன். மாலை வணக்கம்.'

வந்தது பாருங்கள் பதில்.

'செத்தவங்க போனை வச்சுக்கிட்டு எவன்டா உக்காந்திருக்கான்?'

'இப்ப வரும் பாருங்க, சவப்பெட்டிக்குக் காசு அனுப்புங்கன்னு ஒரு நம்பர்.'

'திருட்டுப் பசங்களா, ஒரு வாரம்கூட ஆகலையே!'

நான் ஓர் எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் அவர்கள் ஒரு பாராட்டும் இரண்டு சாபமும் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். பாராட்டு எனக்கு. சாபமும் எனக்கு.

"யாரோ அவங்க பேர்ல விளையாடுறாங்க" என்றாள் செலாசி. "பண்ணாதீங்க, ப்ளீஸ். அவங்க எனக்கு... சரி, விடுங்க. ஒரு நிமிஷம் அமைதியா இருப்போம்." தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "அபா என்சுவா. செகொண்டியிலிருந்து."

என் பெயரை அத்தனை நிதானமாக யாரும் சொன்னதில்லை. கல்யாணத்தில் பாதிரியார்கூட மழைக்குப் பயந்து அவசரமாகத்தான் சொன்னார். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் தலையைக் குனிந்து, எனக்காக அமைதியாக உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது திரையில் ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை. இந்தப் பக்கம் இப்போது உங்களுக்குக் கிடைக்காது என்று ஒரு வரி. திருடன் என்று நினைத்து என்னைத் தூக்கி வெளியே போட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை, தெருமுனையில் டேட்டா விற்கிற கொபினாவிடம் போனேன். குடையின் கீழே உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தான்.

"ஆன்ட்டி, செத்தவங்களுக்கு நான் டேட்டா விக்கிறதில்ல" என்றான் என்னைப் பார்த்ததும்.

"வாயைப் பாரு. ஒனக்கும் தெரிஞ்சுபோச்சா?"

"ஊருக்கே தெரியும். எங்க வீட்ல அழுவுது. 'இப்பதான் தக்காளி வாங்கிட்டுப் போனாங்க'ன்னேன், 'அது நேத்து, சாவு இன்னிக்கு'ங்கறா."

"ஒன் போனைக் குடுப்பா. இல்ல, நீயே எழுது. நான் இருக்கேன்னு எழுது."

எழுதினான். 'இந்த அம்மா என் எதிரில் நின்று என் கடலையைத் தின்கிறார்கள்.' உடனே ஒருத்தன் கேட்டான், 'உனக்கு எவ்வளவு கமிஷன்?' கொபினாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. என்னை வெயிலில் நிறுத்திப் படம் பிடித்துப் போட்டான். கொஞ்ச நேரம் கழித்து, விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தான்.

"என்னய்யா?"

"ஒங்க விரலை எண்ணச் சொல்றான் ஆன்ட்டி. கம்ப்யூட்டர் பண்ண படமாம். கம்ப்யூட்டர் பண்ணா ஒரு விரல் அதிகமா வருமாம்."

கையை மடக்கிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் அவனையும் வெளியே போட்டுவிட்டார்கள்.

"விடுங்க ஆன்ட்டி" என்றான். "நல்ல பேரோட போயிட்டீங்க, எத்தனை பேருக்குக் கெடைக்கும்? நான் செத்தா எங்க மாமியா மட்டும்தான் எழுதும், அதுவும் சிரிக்கிற மூஞ்சி போட்டு."

"எனக்கு நல்ல பேரு வேணாம் கொபினா. என் பேரு வேணும். வெள்ளிக்கிழமை வேணும்."

அவனுக்குப் புரியவில்லை. காட்சியகத்து நம்பருக்கு அவன் போனிலிருந்தே அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. மணி அடிக்கிற போனை எடுக்காமல் ஓர் ஆபீஸ் எப்படி இருக்க முடியும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை விடியும்போதே நல்ல துணி ஒன்றைக் கட்டிக்கொண்டு, பூப்போட்ட மஞ்சள், சாவுத் துணியோ என்ற சந்தேகத்துக்கு இடமே வைக்காமல், அக்ரா பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பஸ் ஊர் ஊராக நின்று, போய்ச் சேரும்போது சாயங்காலம். வாசலில் காவல்காரர் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். "சீக்கிரம் பாத்துடுங்க மம்மி, மூடற நேரம்" என்றார். உள்ளே போனேன். போனில் பார்க்கும்போது பெரிய அரண்மனை மாதிரி இருக்கும். நேரில் மூன்று கூடம், ஒரு தாழ்வாரம். ஒரு ஜனம் இல்லை. என் செருப்புச் சத்தம் எனக்கு முன்னால் போய் மூலையில் நின்றுகொண்டது.

படம் கடைசிக் கூடத்தில் இருந்தது. கீழே ஒரு கண்ணாடிக் குவளையில் வெள்ளைப் பூ. எக்கோ என் கழுத்தை நீளமாக வரைந்துவிட்டான். ஆனால் கண் என் அக்காவின் கண். அதை நான் எதிர்பார்க்கவில்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

"ஆன்ட்டி, போட்டோ எடுக்கறதுன்னா பிளாஷ் போடாதீங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அந்தக் குரல். திரும்பினேன். போனில் இருப்பதைவிடச் சின்ன உருவம். கையில் போன் மாட்டுகிற கம்பு.

"செலாசி" என்றேன்.

"ஆமா? நீங்க...?"

அவள் என்னை நேரில் பார்த்ததும் இல்லை, என் குரலைக் கேட்டதும் இல்லை. இத்தனை நாள் நான் அவளுக்கு வெறும் எழுத்து. "வெள்ளிக்கிழமை வணக்கம் சொல்றவ" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். கம்பு கீழே விழுந்தது. "யேசுவே!" என்று சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள்.

"பயப்படாதே. பேயின்னா டிக்கெட் வாங்கிட்டா உள்ள வரும்?" என்று டிக்கெட்டை நீட்டினேன்.

கிட்டே வந்து என் கையைத் தொட்டாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள், அப்புறம் சிரித்தாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். "நான் நெஜமாவே அழுதேன் ஆன்ட்டி. எங்கம்மாக்கு போன் பண்ணி, என் ஃப்ரெண்டு ஒருத்தங்க எறந்துட்டாங்கம்மான்னேன். நான்தான் ஒங்களை பிளாக் பண்ணேன். என் கையாலயே. அட்டையோட கரைக் கலர்கூட நான் பாத்துப் போடல, படத்தைப் போட்டா கம்ப்யூட்டரே எடுத்துக் குடுத்துடும். ஐயோ, என்ன பண்ணிட்டேன்!"

ஃப்ரெண்டு என்றாளே, அதை நான் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. கேட்கத் தோன்றியது.

"இன்னிக்கு லைவ்ல நீங்க வாங்க. என்கூட நில்லுங்க. எல்லாரும் பாக்கட்டும்" என்றாள். கம்பை நிமிர்த்தினாள். என்னைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். ஆறு மணி ஆனது.

இந்தப் பக்கத்திலிருந்து அதைப் பார்ப்பது வேறு மாதிரி இருந்தது. வெறும் கூடம். பக்கத்துக் கூடத்தில் காவல்காரர் விளக்கை அணைத்துக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு பெண், ஒரு கம்பைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் கம்பின் முனையில் கூட்டம் பொங்கியது. கீழே ஓடுகிற எழுத்தைப் படிக்க முடியவில்லை. இதயமும் கண்ணீர் மூஞ்சியும் குபுகுபு என்று மேலே ஏறின.

"அபா என்சுவா உயிரோட இருக்காங்க! செகொண்டியிலிருந்து நம்ம அபா என்சுவா! இப்பதான் சேர்ந்தவங்களுக்கு மறுபடி சொல்றேன், இது அபா என்சுவா!"

எத்தனை தடவை சொன்னாளோ. முதல் தடவை உடம்பு சிலிர்த்தது. போகப் போக, சோப்பு விளம்பரத்தில் சோப்பின் பெயரைக் கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. கையசைக்கச் சொன்னாள், அசைத்தேன். விரலை விரித்துக் காட்டச் சொன்னாள், எண்ணிக்கொள்ளுங்கள் என்று காட்டினேன். அதற்குத்தான் ஜனங்கள் அதிகமாகச் சிரித்தார்கள்.

அந்த வீடியோ நாடெல்லாம் சுற்றியது. 'செத்துப் பிழைத்த ஓவியம்' என்று ரேடியோவில்கூடச் சொன்னார்களாம். செலாசிக்கு மேலதிகாரி கைகொடுத்தாராம். என் தடையை நீக்கிவிட்டார்கள். செகொண்டியில் ஒரு வாரம் என்னை எல்லோரும் நிறுத்திப் பேசினார்கள், ஆன்ட்டி, ஆன்ட்டி என்று. அப்புறம் அவரவர் வேலை. 'டுயே' சொன்னவர்களும் போய்விட்டார்கள். உயிரோடிருப்பவளிடம் சொல்ல அவர்களுக்கு என்ன இருக்கிறது?

அடுத்த வெள்ளிக்கிழமை நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். செலாசி வந்தாள். பின்னால் புது விளக்கு. 'செலாசி, நான் அபா. மாலை வணக்கம்' என்று எழுதினேன். அனுப்பின உடனேயே அது மேலே போய் மறைந்துவிட்டது. அதன் கீழே இன்னொன்று, அதன் கீழே இன்னொன்று.

"எவ்ளோ பேரு!" என்றாள் செலாசி. சந்தோஷமாக இருந்தாள். அதில் எனக்கும் சந்தோஷம்தான். "இவ்ளோ பேரையும் படிச்சா விடிஞ்சுடும். அதனால எல்லாருக்கும் சேர்த்து மாலை வணக்கம்! பாக்கறவங்க ஒரு இதயம் அனுப்புங்க."

அனுப்பினேன். மற்ற இதயங்களோடு அதுவும் ஏறிப் போனது. எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை.

அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரமும். தனியாக ஒரு சேதி அனுப்பிப் பார்த்தேன். தொடர்புகொண்டதற்கு நன்றி, விரைவில் பதிலளிப்போம் என்று நான் விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது. செலாசி எழுதியதில்லை அது. செலாசி எழுதினால் ஆன்ட்டி என்று ஒரு சொல்லாவது இருக்கும். ஒரு பெண்ணிடம் போய், என் பெயரைச் சொல்லேன் என்று எப்படிக் கேட்பது? அதுவும் அவளுக்கு இத்தனை கூட்டம் சேர்ந்ததே என்னால்தான்.

போன வெள்ளிக்கிழமை நான் ஒன்றும் எழுதவில்லை. ஓவியத்தையும் பார்க்கவில்லை. ஓடுகிற பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒன்று: 'கெட்டாவிலிருந்து டேலா. மாலை வணக்கம் செலாசி. நான் புதுசு.' யாரும் அதைப் படிக்கவில்லை. மேலே போய்க்கொண்டிருந்தது. விரலால் இழுத்துப் பிடித்தேன். அது நழுவ, திரும்ப இழுத்தேன். அதன் அடியில், 'மாலை வணக்கம் டேலா. கெட்டாவில் கடல் எப்படி இருக்கிறது?' என்று எழுதினேன்.

செலாசி இரண்டு ஓவியம் தாண்டிய பிறகு பதில் வந்தது.

'கத்துது. நீங்க அந்த செகொண்டி ஆன்ட்டியா? நீங்க செத்துட்டீங்கன்னு எங்கக்கா சொன்னாளே!'

'போய்ட்டு வந்துட்டேன்.'

'அங்க எப்படி இருந்துச்சு?'

இந்தப் பெண் லேசுப்பட்டவள் இல்லை. நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன். 'நல்லாத்தான் இருந்துச்சு. எல்லாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க' என்று எழுதினேன்.

'அப்புறம் ஏன் அபா திரும்பி வந்தீங்க?'

ஆன்ட்டி போடாமல் எழுதிவிட்டாள், அவசரத்தில். இல்லை, வேண்டுமென்றே செய்தாளோ என்னவோ. அதற்குள் லைவ் முடிந்து, செலாசி எல்லாருக்கும் கையசைத்துப் போய்விட்டாள். கூட்டமும் கலைந்துவிட்டது. டேலா மட்டும் போகவில்லை. நான் எழுத்தைத் தேட ஆரம்பித்தேன்.